கடல் தாண்டிய பஞ்சமர்: அரசுப் பணமும் நம் கலைகளும்



1986ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் இரண்டு காரியங்கள் நடந்தன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் துரும்பர் வகுப்பில் பிறந்து, 'பஞ்சமர்' நாவலை எழுதிய கே. டானியல் மார்ச் 23 அன்று இந்த ஊரில் காலமானார். மருத்துவத்துக்காகக் கடல் தாண்டி வந்தவரை இந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டில் தென்னகப் பண்பாட்டு மையம் தஞ்சையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. எல்லை தாண்டிய பண்பாட்டு உறவுக்கு அரசு ஒரு வீடு கட்டிய ஆண்டும், அந்த உறவைத் தன் எழுத்தால் உண்டாக்கியவர் மறைந்த ஆண்டும் ஒன்றுதான். இரண்டும் ஒன்றையொன்று அறியாமலேயே நடந்தன.

டானியல் எழுதியது என்ன? 1966இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலம், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டம் ஆகியவற்றின் ஊடே வளர்ந்த எழுத்து அது. அந்த இயக்கத்தில் அவரே முன்னின்றார். அதே 1968 டிசம்பர் 25இல்தான் இங்கே கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே ஆண்டு, ஒரே சாதி. 1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' தோழர்களின் பைகளில் இங்கே வந்து சேர்ந்தது. அ. மார்க்ஸ் போன்றவர்கள் அதைப் பேசினார்கள், பரப்பினார்கள். தமிழில் தலித் இலக்கியம் என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே தலித் நாவல் ஒன்று நம் கையில் இருந்தது. இதற்கு எந்த அரசும் பயணப்படி கொடுக்கவில்லை.

இனி அரசுப் பணத்துக்கு வருவோம். இந்தியாவில் இப்படிப்பட்ட மண்டலப் பண்பாட்டு மையங்கள் ஏழு. மத்திய, மாநில அரசுகள் போட்ட மூலநிதியின் வட்டியும், கலாசார அமைச்சகத்தின் திட்ட நிதியும் இவற்றின் வருமானம். தஞ்சை மையத்தின் எல்லைக்குள் தென் மாநிலங்களோடு புதுச்சேரி, அந்தமான், லட்சத்தீவு எல்லாம் வருகின்றன. ஒரு மாநிலக் கலைஞரை இன்னொரு மாநில மேடைக்கு அனுப்புவது இதன் முக்கிய வேலை. நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் வேறு வாசல். 1950இல் மௌலானா ஆசாத் தொடங்கிய இந்தியக் கலாசார உறவுகள் கழகம் ஒன்று. கலாசார அமைச்சகம் வெளிநாடுகளில் நடத்தும் இந்திய விழாக்கள் இன்னொன்று; அதே திட்டத்தில் வெளிநாட்டு நட்புறவுச் சங்கங்களுக்குத் தூதரகம் வழியாகப் பணம் போகிறது. நாட்டுப்புறக் கலைகளும் இந்தப் பட்டியல்களில் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் கலையை நிகழ்ச்சியாகவே பார்க்கின்றன. இருபது நிமிடம் ஆட்டம், சால்வை, புகைப்படம், ரயில். மேடையில் பறை ஒலிக்கும். அந்தப் பறையை அடிக்க மாட்டேன் என்று ஊரில் மறுத்ததற்காக அடி வாங்கியவனின் கதைக்கு அங்கே இடமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே ஒரு முயற்சி செய்தோம். யாழ்ப்பாணத்தின் பறைமேளம் இருபக்கமும் தோல் கட்டிய உருளை. நம்முடையது ஒருபக்கத் தோல், வைக்கோல் தீயில் காய்ச்சி அடிப்பது. ஒரே பெயர், இரண்டு வாத்தியம், இரண்டையும் அடித்தவர்களுக்கு ஒரே இழிவு. அங்கிருந்து ஒரு குழுவை வரவழைத்து, பத்து நாள் இங்குள்ள குழுவோடு உட்கார வைக்க நினைத்தோம். ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். "புரோகிராம் எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார்கள். புரோகிராம் இல்லை, உட்கார்ந்து அடிகளைப் பேசுவார்கள், பதிவு செய்வோம் என்றோம். "அதுக்குத் தலைப்பு கிடையாதுங்களே" என்றார் எழுத்தர். அவர் நல்ல மனிதர்தான். படிவத்தில் குருவின் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. எங்களோடு வந்த பெரியவர் சொன்னார்: "எங்கப்பா பேரை எழுதுப்பா. அவருக்கு யாரு கத்துக் குடுத்தாங்கன்னு கேட்டா, எழவு வீடுன்னு எழுது."

அந்தப் படிவம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

பணம் இல்லாமல் இல்லை. யாழ் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய அரசின் நன்கொடையில் ஒரு கலாசார மையம் எழுந்திருக்கிறது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2022இல் காணொலியில் திறந்து, 2023 பிப்ரவரியில் மக்களிடம் ஒப்படைத்தார்கள். செலவு ஒரு கோடி டாலருக்கு மேல். 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டினார்கள். பெயரில் யாழ்ப்பாணம் இல்லை என்று ஒரு சச்சரவு, பிறகு அதுவும் சேர்ந்தது. வள்ளுவர் பெயரில் நமக்குப் பகையில்லை. அந்த அரங்கில் மாவிட்டபுரத்தின் கதையை யார் எப்போது நிகழ்த்துவார்கள் என்பதே நம் கேள்வி. கட்டடத்துக்குப் பணம் எளிதில் வருகிறது. மனிதர்கள் வந்து போவதற்குத்தான் கை சுருங்குகிறது.

இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1995 ஜனவரியில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு இதே தஞ்சையில் நடந்தது. மணிமண்டபம் கட்டினார்கள். அந்த மாநாட்டுக்கு வந்த கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கை அறிஞர்களைக் கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பினார்கள். மண்டபம் இன்றும் நிற்கிறது.

வேறு விதமாகவும் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'கிரியேட்டிவ் யூரோப்' திட்டத்தில், 2021 முதல் 2027 வரையிலான காலத்துக்கு, சிறிய கூட்டுத் திட்டம் என்றால் மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அமைப்புகளாவது சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு லட்சம் யூரோ வரை, செலவில் 80 விழுக்காடு வரை தருகிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்த நிறுவனமே அங்கேயும் முந்துகிறது என்ற புகார் உண்டு. ஆனாலும் அடிப்படை வேறு: ஓர் அரசு தன் கலையைக் காட்சிக்கு அனுப்புவதில்லை, இரு தரப்பும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள். இங்கேயும் சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சியை ஒட்டி, தமிழ் நூல்களை மொழிபெயர்க்கத் தமிழக அரசு மானியம் தருகிறது. நல்ல தொடக்கம். அதில் எத்தனை தலித் நூல்கள் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணினால்தான் கேட்க முடியும்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சில மணி நேரப் பயணம்தான். ஒரு பறைக் குழு அதில் போய்வர ஆகும் செலவு, ஒரு விழா மேடையின் விளக்குச் செலவுக்குக்கூட வராது. 

ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் சில கேள்விகள் தயாரித்திருக்கிறோம். கடந்த பத்தாண்டுகளில் எந்தக் கலைக்கு எவ்வளவு செலவானது, தேர்வுக் குழுவில் யார் யார் இருந்தார்கள், அவர்களில் பட்டியல் சாதிக் கலைஞர் எத்தனை பேர், வெளிநாடு போன குழுக்களில் டெல்டா கிராமங்களிலிருந்து போனவை எத்தனை. விண்ணப்பம் தனிநபர் பெயரில்தான் போக வேண்டும். அமைப்பின் பெயரில் போனால் திருப்பி விடுவார்கள். ஆகவே மாணவர்கள் ஆளுக்கொன்று எழுதுங்கள். படிவம் வாசலில் தோழர்களிடம் இருக்கிறது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரும் நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம்.