பின்மூடிக்குள் இருந்த கணக்கு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தண்ணீர் லாரி விவகாரத்தை ஒரு மணி நேரம் பேசிக் களைத்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே!

'உங்கள் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்' என்று செயலாளர் சொன்னார். நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். பொழுதுபோக்கு என்று ஒன்று எனக்கு அமைந்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். இப்போது என்னிடம் 31 கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. "கை ரெண்டுதானே இருக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பயப்பட வேண்டாம், இதில் எதுவும் லட்ச ரூபாய்ச் சமாசாரம் இல்லை. ஒரு வாட்ச் 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே உச்சவரம்பு போட்டிருக்கிறேன். இரண்டு முறை மீறினேன். அதை வீட்டில் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

எல்லாம் தொடங்கியது என் அப்பாவின் வாட்ச்சில்.

அப்பா இந்த ஊர்ப் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அந்தக் காலத்துப் புதுச்சேரிக்கு நேரம் சொன்னது மில் சங்குதான். சங்கு ஊதினால் அடுப்பு பற்ற வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவார்கள். நெல்லித்தோப்பு மாதா கோயில் மணியும் உண்டு என்றாலும், மணி அடித்தால் சாமி கும்பிடுவோம், சங்கு ஊதினால்தான் ஓடுவோம். மில் தொழிலாளிக்கு நேரம் என்பது சும்மா கிடைத்ததும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று இங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, அடுத்த வருஷம் இங்கே 8 மணி நேர வேலை சட்டமானது. எட்டு மணி நேரம் என்று சொன்னால், அந்த எட்டு மணி நேரத்தை அளக்கத் தொழிலாளியின் கையிலும் ஒரு கடிகாரம் வேண்டாமா? அப்பா அப்படித்தான் சொல்வார். "சங்கு முதலாளியோடது, வாட்ச் நம்மளோடது" என்பார்.

1972 தீபாவளி போனஸில் அவர் வாங்கியது எச்.எம்.டி. ஜனதா. வெள்ளை டயல், கையால் சாவி கொடுப்பது, 17 கல். அந்தக் காலத்தில் எச்.எம்.டி. வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடையில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு நம்மவர் கையில் இருந்ததெல்லாம் சுவிஸ் வாட்ச்தான். ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் மாதிரி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை வந்த பிறகுதான், சம்பளக்காரன் கைக்கு எட்டும் விலையில் நம் நாட்டு வாட்ச் வந்தது. பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று தொழிற்சாலைகள் பெருகின. மாப்பிள்ளைக்குக் காஞ்சன், பரீட்சையில் பாஸ் செய்த பையனுக்குப் பைலட், பார்வையற்றோருக்குத் தனியாக பிரெயில் வாட்ச் என்று செய்தார்கள்.

அப்பா இறந்த பிறகு அந்த ஜனதா பீரோவில் ஒரு மஞ்சள் பைக்குள் கிடந்தது. நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், 2018-ல், ஏதோ பத்திரம் தேடும்போது கையில் அகப்பட்டது. சும்மா சாவியைத் திருகினேன். ஓடியது! இருபது வருஷத்துக்கு மேல் தூங்கியது, எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது.

நகரத்துக்குள் கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். மெஷினைப் பார்ப்பதற்கு முன் மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது நல்லா வளர்ந்த பிள்ளை" என்றார். என்ன என்று கேட்டேன். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்யும்போதும், பின்மூடிக்குள் ஊசியால் தேதியையும் தங்கள் அடையாளத்தையும் கீறி வைப்பது பழைய வழக்கமாம். அடுத்து திறப்பவருக்குச் சேதி. ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். ஆறு கீறல்கள் இருந்தன.

எனக்கு அது ஒரு பாஸ்புக்கைப் புரட்டுகிற மாதிரி இருந்தது. 1975, 1978, 1981 என்று ஒழுங்காக மூன்று வருஷத்துக்கு ஒன்று. அதற்குப் பிறகு 1987 வரை ஒன்றும் இல்லை. ஆறு வருஷம் என்ட்ரியே இல்லை. "இந்த இடைவெளியில மட்டும் சர்வீஸ் பண்ணலை போலிருக்கு, பாவம் நல்லா தேஞ்சிருக்கு" என்றார் பெரியவர்.

அந்த ஆறு வருஷம் எனக்குத் தெரியும். அப்பாவின் மில் பூட்டிக் கிடந்த காலம். நான் 1982-ல் வங்கியில் சேர்ந்தேன். வீட்டுக்குச் சம்பளம் கொடுத்தேன், அரிசிக்கும் தங்கை படிப்புக்கும் கொடுத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. கூடவே எனக்கு ஒரு புது குவார்ட்ஸ் வாட்ச்சும் வாங்கிக்கொண்டேன். அப்பா கையில் இருந்ததை ஒரு முறை சர்வீஸுக்குக் கொடுத்துத் தரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் கேட்கவில்லை. ஷிஃப்ட் இல்லாதவருக்கு நேரம் எதற்கு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

பெரியவர் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, தன் பங்குக்கு '18' என்று கீறி மூடிக் கொடுத்தார். ஏழு கீறல் ஆயிற்று.

இனிமேல் சொல்லப்போவது என் முட்டாள்தனம். மறு வருஷம் என் மகன் கல்யாணம். தாத்தாவின் வாட்ச்சைப் பேரன் மணமேடையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் கேஸில் முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது, டயல் பழுப்பேறி இருந்தது. சென்னையில் ஒரு கடையில் கொடுத்து, 'புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்' என்றேன். இந்த நான்கு வார்த்தையை வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாதீர்கள். புதுசு மாதிரியே ஆக்கினார்கள். பளபளவென்று புது கேஸ், புது பெயின்ட் அடித்த டயல், புது பின்மூடி. "பழைய மூடி எங்கேப்பா?" என்று கேட்டேன். "அது தேஞ்சு போன பீஸ் சார், தூக்கிப் போட்டாச்சு" என்றார் பையன், நல்லது செய்துவிட்ட முகத்தோடு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டது நான்.

ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிப் பார்த்தேன். பெரியவர் சொன்ன முதல் ஆறில் நான்கு தேதிகள் உறுதியாக நினைவில் இருந்தன. மீதி இரண்டை ஊகமாக எழுதக் கை வரவில்லை. இரண்டு வரி காலியாகவே இருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் நானே கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஓடாத வாட்ச்சாகப் பொறுக்கி வந்தேன். ஒரு லென்ஸ், சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், பின்மூடி திறக்கும் கத்தி, தூசி ஊதும் ரப்பர் பந்து, ஒரு சாமணம். ஆரம்பிக்க இவ்வளவு போதும். முதல் நாள் ஒரு மெயின் ஸ்பிரிங் பறந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. இரண்டாம் நாள் ஒரு கடுகளவு ஸ்க்ரூ. மூன்றாம் நாளிலிருந்து என் வீட்டம்மா நான் வேலை முடிக்கும் வரை ஹாலைப் பெருக்குவதில்லை.

சண்டே மார்க்கெட்டில் நம் ஊருக்கே உரிய சரக்கும் கிடைக்கும். ஒருமுறை சொல்தா வீட்டுச் சாமான்களுக்கு நடுவில் 'லிப்' என்று பெயர் போட்ட பிரெஞ்சு வாட்ச் ஒன்று அகப்பட்டது. பெசன்சோன் நகரத்தில் செய்தது. 1973-ல் அந்தத் தொழிற்சாலையை மூடப் பார்த்தபோது, தொழிலாளர்களே அதைக் கைப்பற்றி, தாங்களே வாட்ச் செய்து விற்றுச் சம்பளம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா இருந்திருந்தால் அந்த வாட்ச்சைத்தான் கட்டியிருப்பார்.

சாவி கொடுக்கும் வாட்ச் சரியாக நேரம் காட்டுமா என்று கேட்கிறீர்கள். ஜனதா போன்ற வாட்ச்சின் பேலன்ஸ் வீல் ஒரு நொடிக்கு 5 முறை 'டிக்' என்கிறது. மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. இத்தனை முறை ஆடி, நாளைக்கு 20 நொடி முன்பின் போகிறது என்றால், 86,400 நொடியில் 20. நூற்றுக்கு 0.023. என் கவுண்ட்டரில் இந்தத் துல்லியம் இருந்திருந்தால் எனக்குப் பிரமோஷனே கொடுத்திருப்பார்கள். குவார்ட்ஸ் வாட்ச் இன்னும் துல்லியம், அதில் சந்தேகமில்லை. அதற்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் உங்கள் நொடி. டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து இந்த குவார்ட்ஸை அழகான கேஸில் வைத்துக் கொடுத்தது. சாவி கொடுக்கும் வாட்ச்சையே பெரிதும் நம்பியிருந்த எச்.எம்.டி. பின்தங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச்சஸ் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த பிறகு, பீரோவில் கிடந்ததற்கெல்லாம் மதிப்பு வந்துவிட்டது. நம் பழக்கம் அப்படி.

மதிப்பு வந்ததும் கலப்படமும் வந்தது. இணையத்தில் சிவப்பு டயல், பச்சை டயல் என்று மினுமினுக்கும் 'பழைய பைலட்' எல்லாம் பெரும்பாலும் மறு பெயின்ட் அடித்தவை. எழுத்து மொத்தையாக இருக்கும், நிமிஷக் கோடுகள் முள்ளோடு நேராக நிற்காது. விலை குறைவு என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. நம்பி ஏமாறக் கூடாது. பழுப்பேறிய டயல், கீறல் விழுந்த கேஸ் என்றால் விற்பவர் உண்மை பேசுகிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் இருக்கும் வாட்ச்சுக்கு வருவோம். கட்டாமல் வைத்திருக்கும் குவார்ட்ஸ் வாட்ச்சில் செல்லைக் கழற்றி வையுங்கள். தீர்ந்த செல் கசிந்து உள்ளே அரித்துவிடும், நம் கடற்கரை ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். '30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை, கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். தேதி காட்டும் சாவி வாட்ச்சில் இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதியை மாற்றாதீர்கள், அப்போது பல்சக்கரம் தானே மாற்றத் தயாராகிப் பிடித்துக்கொண்டிருக்கும், பல் உடையும். திடீரென்று வாட்ச் பல நிமிஷம் வேகமாக ஓடினால் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தீர்களா என்று யோசியுங்கள், ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறியிருக்கும். அதை நீக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, ஐந்து நொடி வேலை. எச்.எம்.டி.யின் பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் இருந்தால் ஒரு துளி வெள்ளைப் பற்பசை போட்டுத் துணியால் தேயுங்கள், பாதி போய்விடும்.

நேரம் முடிந்தது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார், அதுவும் வாட்ச் இல்லாத கையை.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: மெஷினை மட்டும் சுத்தம் செய்யவும், எதையும் மாற்றுவதற்கு முன் போன் செய்யவும், கழற்றிய பாகம் அனைத்தையும் திருப்பித் தரவும். பெரியவர் கடை இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

இனி மாதம் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு, கீழே சங்க அறையில் லென்ஸும் கத்தியுமாக உட்கார்ந்திருப்பேன். உங்கள் அப்பா, மாமனார், தாத்தா யாருடையதாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். ரிப்பேர் செய்ய மாட்டேன், அந்த அளவுக்கு இன்னும் கை வரவில்லை. பின்மூடியை மட்டும் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வேன். போனை மறக்காமல் எடுத்து வாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பி பிளாக்கில் ஒரு அம்மா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், அவர் வீட்டுக்காரரின் சோனா ஒன்று இருக்கிறதாம். அதைத்தான் முதலில் திறக்கப் போகிறேன்.