இசை அடங்குமிடம்



திரைப்படங்களுக்கு மதிப்புரை எழுதுவோர் கதையை எழுதுகின்றனர், நடிப்பை எழுதுகின்றனர், ஒளிப்பதிவை ஒரு வரியில் புகழ்கின்றனர். இசை என்று வருமிடத்து மட்டும் 'இனிது' என்றோ 'இரைச்சல்' என்றோ ஒரு சொல்லிட்டு எழுதுகோலை மூடிவிடுகின்றனர். பெரும்பொருள் கொட்டி எடுக்கும் படங்களுக்கு அந்த ஒரு சொல்லே மிகுதி எனலாம். பிறர் விருப்பத்திற்கு வளையாது தம் உள்ளத்தின் வழிநின்று எடுப்போரின் படங்களுக்கோ அது பெருங்குறை. இசை எங்கே ஒலிக்கின்றது என்பதோடு எங்கே ஒலிக்க மறுக்கின்றது என்பதையும் அவற்றில் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். போலந்து நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று இதற்குப் போதிய சான்று.

கீசுலோவ்சுகி (1941–1996) என்னும் இயக்குநர், பியேசேவிச்சு என்னும் வழக்கறிஞரோடு சேர்ந்து எழுதி எடுத்த தொடர் 'தெக்கலாக்'. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை அடியொற்றியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஓடும் பத்துப் படங்களைக் கொண்டது. வார்சா நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றே களம். தொலைக்காட்சி தந்த பொருள் போதவில்லை. ஆகவே, அவற்றுள் இரண்டைத் திரையரங்குகளுக்கெனவும் நீட்டி எடுத்து, அவ்வழியாற் கிடைத்த பொருளைக் கொண்டு தொடரை முடித்தார். 1989 இறுதியில் அது போலந்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

பத்துப் படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் ஒன்பதின்மர். கண் படத்திற்குப் படம் மாறிற்று, செவி மாறவில்லை. பத்துக்கும் இசையமைத்தவர் பிரைசுனர் ஒருவரே. அவர் இசைக்கல்லூரியிற் பயின்றவர் அல்லர். கிராக்கோவில் வரலாறும் மெய்யியலும் கற்று, இசையைத் தாமே பயின்றவர். கருவிகளைக் குவித்து முழக்குவோர் நடுவே, சிலவற்றைக் கொண்டே பேசத் தெரிந்தவர்.

முதற்படத்தைப் பாருங்கள். பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர், ஏரியின் பனிக்கட்டி தம் மகனைத் தாங்குமா என்று கணிப்பொறியில் கணக்கிடுகின்றார். தாங்கும் என்கின்றது விடை. மறுநாள் அவர் எழுதிக்கொண்டிருக்கும் தாளில் மை பரவுகின்றது. தெருவில் தீயணைப்பு வண்டியின் சங்கொலி எழுகின்றது. அவ்வளவே! அச்சத்தை முன்கூட்டிப் பறைசாற்ற அங்கே இசை ஓடிவரவில்லை. தந்தை எப்பொழுது அறிகின்றாரோ, அப்பொழுதே பார்ப்பவரும் அறிகின்றார். கண்ணீர் வருமுன்னே 'அழு' என்று ஏவும் இசைக்குப் பழகிய செவிகளுக்கு இது கடுமையாகத் தோன்றும், ஆனால், நேர்மையானது.

ஐந்தாம் படம் இன்னும் கடியது. இளைஞன் ஒருவன், காரணம் ஏதுமின்றி, வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவரைக் கொல்கின்றான். கொலை விரைவில் முடிந்துவிடுவதில்லை. பல மணித்துளிகள் நீள்கின்றது. பின்னர் வண்டியின் வானொலியில் சிறுவர் பாடல் ஒலிக்க, அவன் அக்கருவியைப் பிடுங்கி எறிகின்றான். எந்த ஒப்பாரியும் செய்ய இயலாததை அந்தச் சிறுவர் பாடல் செய்துவிடுகின்றது. அதன்பின் அரசு அவனைக் கொல்கின்றது. தூக்கறையில் அலுவலர்தம் விரைவும் கூச்சலும் பொறியின் ஓசையுமே முன்னிற்கின்றன. இரு கொலைகளும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன. ஒன்றற்கு இரக்க இசையும் மற்றொன்றற்கு வீர இசையும் சேர்த்திருந்தால், படம் பொய்யாகியிருக்கும்.

இதன் நீள்வடிவம் 1988-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அதே ஆண்டிற்குப் பின் போலந்தில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 1997-இல் இயற்றப்பட்ட குற்றச் சட்டத்தொகுப்பு அத்தண்டனையை அறவே நீக்கியது. ஆட்சியே மாறிய காலம் அது. ஒரு படத்தால் மட்டும் விளைந்தது என்பது மிகைக்கூற்று. எனினும், அந்நாட்டில் அவ்வழக்காட்டம் நடந்த காலத்தில் அப்படமும் ஒரு வாய்மொழிச் சான்றாக நின்றது.

இனி, இசையே கதைக்குள் நுழையுமிடம். ஒன்பதாம் படத்தில், தன் இல்வாழ்வு குலைந்த அறுவை மருத்துவர் ஒருவரிடம் இளம்பாடகி ஒருத்தி வருகின்றாள். நெஞ்சாங்குலையில் நோய். அறுவை செய்தால் அவள் பெரும்பாடகியாகலாம். தாய் அதையே விரும்புகின்றாள். மகளுக்கோ வாழ்ந்திருத்தலே போதும். அவள் தான் பாடும் 'வான் டென் புடன்மாயர்' என்னும் ஆலந்து இசைப்புலவரைப் பற்றிச் சொல்ல, மருத்துவர் அவ்விசைத்தட்டை வாங்கித் தனித்திருந்து கேட்கின்றார். இங்கே இசை கதைமேற் பூசிய பூச்சாக இல்லை. ஒருயிர் மற்றோருயிர்க்குக் கைம்மாற்றிய பொருளாக இருக்கின்றது.

அப்படியொரு புலவர் பிறந்ததே இல்லை என்பது சுவையான செய்தி. பிரைசுனரும் கீசுலோவ்சுகியும் விளையாட்டாய்ப் புனைந்த பெயர் அது! இசை முழுதும் பிரைசுனருடையது. பின்வந்த படங்களிலும் அப்பெயர் தொடர, உண்மையென நம்பித் தேடியோரும் உளர்.

பத்தாம் படமோ நகைச்சுவை. இளைஞர் குழுவொன்றின் முரட்டுப் பாடல் அதனைத் தொடங்கி வைக்கின்றது. ஒன்பது படங்களும் எண்ணியெண்ணிப் பார்த்த கட்டளைகளையெல்லாம் 'மீறு, மீறு' என்று அது கூவுகின்றது. தந்தை விட்டுச்சென்ற அஞ்சல்தலைகளின்மேல் ஆசை வைத்த உடன்பிறந்தார் இருவர், அனைத்தையும் இழந்து, ஒருவரையொருவர் ஐயுற்றுப் பின் சிரிக்கின்றனர். அச்சிரிப்பின் மேல் அதே முரட்டுப் பாடல் மீண்டும் எழ, தொடர் முடிகின்றது.