அடியின் ஓசையும் ஆங்கிலச் சொல்லும்

ஒரு பொருள் மற்றொன்றோடு மோதினால் ஓசை பிறக்கிறது. கதவைத் தட்டினால் ஓர் ஓசை. கன்னத்தில் அறைந்தால் வேறோர் ஓசை. நெல்மூட்டை தரையில் விழுந்தால் மற்றோர் ஓசை. இவ்வோசைகளைப் பிடித்துச் சொற்களாக ஆக்கி வைத்துக்கொண்ட மொழிகளுள் ஆங்கிலமும் ஒன்று. 'நாக்', 'ஸ்லாப்', 'தம்ப்', 'தட்', 'பேங்', 'கிராஷ்' என இச்சொற்கள் அங்கே ஒரு பெருங்கூட்டமாக உள்ளன. தமிழ்ப் பொருள் தரும் அகராதியைப் புரட்டினால், 'அடி', 'தட்டு', 'மோது' போன்ற சில சொற்களே திரும்பத் திரும்ப விடையாக வருகின்றன. அவ்விடை பொய்யன்று, ஆயினும் பாதி மெய்யே. மற்றப் பாதியை நம் காதுதான் காட்ட வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். அடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் யாவும் ஓசையிற் பிறந்தவை அல்ல. மிகுதியாக வழங்கும் 'ஹிட்' என்னும் சொல் ஸ்காண்டிநேவியர் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'எதிர்ப்படுதல், கண்டடைதல்' என்பதே பொருள். 'ஸ்டிரைக்' என்பதோ பழைய ஆங்கிலத்தில் 'தடவுதல், செல்லுதல்' என்னும் பொருளில் வழங்கியது. தடவிய கையே பின்னர் அடிக்கும் கையாயிற்று! இவை காலப்போக்கில் பொருள் மாறியவை. ஓசையே உருவாக அமைந்த சொற்களைப் பற்றித்தான் நாம் இங்கே எண்ணிப் பார்க்கின்றோம்.

அத்தகைய சொற்களில் வல்லொலிகள் மிகுந்து வருவதைக் காண்கின்றோம். 'ப்' என்று ஒலிக்கும்போது இரண்டு உதடுகளும் மோதிப் பிரிகின்றன. 'ட்', 'க்' என்னும் ஒலிகளில் நா மேலெழுந்து முட்டி விலகுகிறது. மூச்சு ஒரு கணம் அடைபட்டுத் திடீரென விடுபடுகிறது. ஆகவே, வாய் வெளியே கேட்ட ஓசையைப் பின்பற்றுவதோடு நில்லாமல், தானே ஒரு சிறு மோதலை நிகழ்த்திக் காட்டுகிறது எனலாம்.

சொல்லின் ஈற்றொலியையும் உற்று நோக்குதல் வேண்டும். கன்னத்தில் அறைதலாகிய 'ஸ்லாப்', கைதட்டலாகிய 'கிளாப்', கதவு தட்டுதலாகிய 'நாக்' ஆகியவை வல்லொலியில் முடிகின்றன. அங்கே ஓசையும் உடனே அற்றுவிடுகிறது. வெடியோசையாகிய 'பேங்', உலோகம் ஒலிக்கும் 'கிளேங்' ஆகியவற்றின் ஈற்றில் மூக்கொலி நிற்கிறது. அதனை நீட்டி ஒலிக்கலாம். அடித்த பின்னும் மணி அதிர்ந்து கொண்டிருப்பதைப் போன்றது அது. 'தம்ப்' என்பதில் மூக்கொலி வல்லொலியால் அடைபடுகிறது. கனத்த முட்டி மெத்தையில் இறங்குவது போன்ற மழுங்கிய ஓசை அது. 'கிராஷ்', 'ஸ்மாஷ்' என்பவற்றின் ஈற்றிலோ மூச்சு சிதறிச் சீறுகிறது. பொருளும் அங்கே துண்டு துண்டாகச் சிதறுகிறது.

உயிரொலிக்கும் இதிற் பங்குண்டு. கண்ணாடிக் கிண்ணங்கள் தொட்டுக்கொண்டால் 'கிளிங்க்'. சங்கிலி மோதினால் 'கிளேங்க்'. கனத்த இரும்பு விழுந்தால் 'கிளங்க்'. மெய்கள் மாறவில்லை, உயிர் மாற, ஓசை கனத்துத் தாழ்கிறது. 1929-ஆம் ஆண்டில் எட்வர்டு சபீர் என்னும் அமெரிக்க மொழியறிஞர் ஓர் ஆய்வு வெளியிட்டார். 'மில்', 'மால்' என்னும் பொருளற்ற இரு சொற்களும் மேசையைக் குறிப்பன என வைத்துக்கொண்டு, எது பெரிய மேசை என அவர் வினவினார். பெரும்பாலோர் 'மால்' என்றே விடை தந்தனர். இகரம் ஒலிக்கையில் வாயினுள் இடம் சிறுத்தும், ஆகாரம் ஒலிக்கையில் அகன்றும் இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

இதனை மாறா விதியென்று கொள்ளுதல் கூடாது. மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' என்பதில் எதுவும் சிதறவில்லை. பெரியது என்னும் பொருளுடைய 'பிக்' என்பதில் இகரமே உள்ளது. 1916-இல் வெளிவந்த நூலில் சுவிட்சர்லாந்து அறிஞர் சசூர், ஒலிக்குறிப்புச் சொற்கள் சிலவே என்றும், அவையும் ஓரளவு வழக்கினால் அமைந்தவை என்றும் கருதினார். அதற்குச் சான்றாக 'நாக்' என்னும் சொல்லையே காட்டலாம். முற்காலத்தில் அதன் முதலில் எழுதப்படும் ககர ஒலியும் ஒலிக்கப்பட்டது. சொல்லின் இரு முனையிலும் தட்டோசை கேட்டது. ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டில் முதல் ஒலி மறைந்தது. எழுத்து இன்றும் நிற்கிறது. தட்டு ஒன்று குறைந்துவிட்டது. கதவின் ஓசையோ மாறவில்லை!

ஓசைச் சொல் ஓசை இல்லாத இடத்துக்கும் செல்லும். 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்ததனை ஆங்கிலத்தார் 'கிராஷ்' என்றனர். 1949 மார்ச் 28-ஆம் நாள் பி.பி.சி. வானொலியில் உரையாற்றிய வானியலறிஞர் பிரெட் ஹாயில், தாம் உடன்படாத அண்டத்தோற்றக் கொள்கையைப் 'பிக் பேங்' என்று சுட்டினார். கேட்போர் மனத்தில் உடனே பதியும் சொல் அது. தமிழில் அதனைப் 'பெருவெடிப்பு' என்கின்றோம். ஆங்கிலம் ஓசையைச் சொல்கிறது; தமிழ் நிகழ்ச்சியைச் சொல்கிறது. 'பேங்' என்பதிலுள்ள துடுக்கு நம் சொல்லில் இல்லை. கலைச்சொல்லுக்கு அந்த அடக்கம் நன்றே.

ஆனால், கதையும் நாடகமும் மொழிபெயர்ப்போருக்கு இவ்வடக்கம் உதவாது. ஆங்கிலத்தில் ஓசைச் சொல்லே வினையாகவும் நின்றுவிடும். தமிழில் ஓசை ஒரு சொல்லாகவும் வினை மற்றொரு சொல்லாகவும் பெரும்பாலும் பிரிந்து நிற்கும். இடையே 'என்று' என்பது இரண்டையும் இணைக்கும். எனவே, 'ஸ்லாப்' என்பதற்கு 'அடித்தான்' என்று மட்டும் எழுதினால் ஓசை போய்விடும். 'பளாரென்று அறைந்தான்' என்றால் இரண்டும் நிற்கும். அவ்வாறே 'தட்' என்பதற்குத் 'தொப்பென்று விழுந்தது' என்றும், மரம் முறியும் 'கிராஷ்' என்பதற்கு 'மடமடவென்று முறிந்தது' என்றும் எழுதலாம். இசையும் குறிப்பும் சொல்லாக வருவதைத் தொல்காப்பியரே இலக்கணத்தில் வைத்துப் போற்றியுள்ளார். அச்செல்வம் நம்மிடம் இருக்க, ஒரே 'அடி'யைக் கொண்டு அத்தனை ஓசைகளையும் அடக்கிவிடுதல் முறையாகுமா?

ஆதலின், ஆங்கிலம் பயிலும் மாணவர் இச்சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் நலம். ஈற்றில் ஓசை அற்றதா, அதிர்ந்ததா, சிதறியதா என்று காது கேட்கட்டும். அதன் பின்னர் அகராதியைத் திறந்தால், அங்கே காணும் பொருள் இன்னும் நன்றாக விளங்கும்.