48 மணி நேரத் தேர்வு

 

பரிசளிப்பு நாளில் தேர்வைப் பற்றிப் பேசுவது வழக்கம். நானும் ஒரு தேர்வைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் இதை எழுதுவது பிள்ளைகள் அல்ல. நன்னீரில் துள்ளித் திரியும் ஒரு சிற்றுயிர். டாப்னியா என்பது அதன் பெயர். மீன் வளர்க்கும் பையன்களைக் கேளுங்கள், 'குத்து ஆயர்' என்பார்கள். (காலில் வரும் சேற்றுப்புண்ணுக்கும் மலாயில் அதே பெயர்தான். அது வேறு, இது வேறு!) எவ்வளவு வளர்ந்தாலும் 5 மில்லிமீட்டர்தான். உடம்பு கண்ணாடி மாதிரி. உருப்பெருக்கியில் பார்த்தால் இதயம் துடிப்பது தெரியும். இறால், நண்டுக்குச் சொந்தக்காரன். ஆகவே வளர வளர மேலோட்டைக் கழற்றியாக வேண்டும்.

இனி, தலைமுடி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அதன் தடிமனை ஏறத்தாழ ஆயிரம் கூறு போடுங்கள். ஒரு கூறு அளவிலும் அதற்குக் கீழும் மனிதன் செய்யும் தூளுக்குத்தான் நானோ துகள் என்று பெயர். வெயிலுக்குப் பூசும் களிம்பில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. நாற்றம் வராதிருக்கச் சில காலுறைகளில் வெள்ளித் துகள் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அப்படிப்பட்ட காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்து 2008-இல் எழுதினார்கள்: சிலவற்றிலிருந்து வெள்ளி தண்ணீரோடு கழன்று போகிறது. போன தண்ணீர் எங்கே போகும்?

டாப்னியா தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி. இது பாசி, இது தூள் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. எல்லாம் வயிற்றுக்குள்தான்.

புதிய இரசாயனம் நீருக்குக் கேடா என்று அறிய, உலக நாடுகள் பல ஏற்றுக்கொண்ட முறை ஒன்று உண்டு. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத டாப்னியாக் குஞ்சுகளை அந்த இரசாயனம் கலந்த நீரில் விட்டு, 48 மணி நேரம் கழித்து, அசையாமல் கிடப்பவை எத்தனை என்று எண்ணுவார்கள்.

ஜெர்மனியில் லாண்டாவ் நகர ஆராய்ச்சியாளர்கள் டைட்டானியம் டை ஆக்சைடைப் போட்டுச் சோதித்தார்கள். 2011-இல் அது வெளியாயிற்று. 36 மணி அளவில் முதல் ஓடு கழற்றும் நேரம். எல்லாக் குஞ்சுகளும் நன்றாகவே கழற்றின. ஆனால் தூள் உடம்பு மேல் பூச்சுப் போல ஒட்டியிருந்தது. இரண்டாம் முறை கழற்ற முடிந்தவை 100-க்கு 10-தான். மற்றவை 96 மணி ஆவதற்குள் செத்தன. 48 மணியில் கடிகாரத்தை நிறுத்தியிருந்தால்? "ஒன்றுமில்லை, தேர்ச்சி" என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்!

"பூச்சி செத்தா நமக்கென்னங்க?" என்று ஓர் அப்பா கேட்கலாம். நியாயமான கேள்வி. பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளிவாக வைப்பது இதுதான். மீன் குஞ்சுக்கு இரையும் இதுதான். தூண்டில் போடுகிறவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

சோதனைக் குவளையில் போடும் அளவு ஆற்றில் இல்லை என்பார்கள். அதுவும் மெய்தான். ஆற்றில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். மக்கிய இலைச்சாறு கலந்த நீரில் வெள்ளியின் கடுமை குறையும். ஆனால் படிந்தது தொலைந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். நத்தையும் புழுவும் மேய்வது அந்த அடிச் சேற்றில்தானே?

21 நாள் தேர்வும் உண்டு. அதில் தாய் போடும் குஞ்சுகளைக்கூட எண்ணுவார்கள். செலவு அதிகம், வேலையும் அதிகம். என்னைக் கேட்டால், கடைக்கு வரும் முன்னே ஒவ்வொரு தூளும் அதையே எழுத வேண்டும் என்பேன்.

பரிசுப் புத்தகங்கள் மேசையில் காத்திருக்கின்றன. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.