பஸ் வீடு: எடை போட்ட கதை

போன எபிசோடில் சீட்டுகளைக் கழற்றியது, மஞ்சள் பெயிண்டை மாற்றியது பற்றிச் சொல்லியிருந்தேன். "எப்ப கிளம்புறீங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உண்மையில் ஏப்ரலிலேயே கிளம்பியிருக்கணும். ஆறு வாரம் தள்ளிப்போச்சு. ஏன்னு இன்னைக்குச் சொல்றேன்.

எங்களோடது டெக்சஸில் வாங்கின பழைய ஸ்கூல் பஸ். கட்டில், சமையல் மேடை, மகளுக்கு ஒரு குட்டி மேஜை, எல்லாம் முடிச்சு ஜன்னலுக்குத் திரைச்சீலைகூடப் போட்டாச்சு. இருந்த வாடகை வீட்டையும் காலி பண்றதா எழுதிக் கொடுத்துட்டோம். அந்தச் சமயத்துல லாரி ஓட்டுற நண்பர் ஒருத்தர் பார்க்க வந்தார். திரைச்சீலையை அவர் கண்டுக்கவே இல்லை. "எடை போட்டாச்சா?"ன்னு கேட்டார்.

போடலை.

நெடுஞ்சாலையில லாரிகள் நிக்கிற இடத்துல எடை மேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு ரெண்டுக்கும் தனித்தனியா எடை தெரியும். தண்ணி, டீசல், கேஸ், சாமான், ஆட்கள் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுத்தான் போகணும். காலி பஸ்ஸை எடை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்க சீட்டுல மொத்த எடை வரம்புக்குள்ளதான் இருந்தது. அப்பாடான்னு மூச்சு விட்டேன். ஆனா பின் அச்சு மட்டும், டிரைவர் சீட் பக்கத்துத் தகட்டில் போட்டிருக்கிற வரம்பைவிட 600 பவுண்டு அதிகம்.

காரணம் தண்ணித் தொட்டி. 100 காலன். மகளோட கட்டிலுக்கு அடியில, பஸ்ஸோட வால் பக்கம் வெச்சிருந்தோம். ஒரு காலன் தண்ணி கிட்டத்தட்ட 8.3 பவுண்டு. அப்போ தொட்டி நிரம்பினா 830. இதுவரைக்கும் கணக்கு போட்டிருந்தேன். கோட்டை விட்டது அடுத்த படியில. பின் சக்கரத்துக்கும் பின்னாடி வைக்கிற கனம் கிணத்து ஏத்தம் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். தூக்கின அந்த எடையும் பின் அச்சு மேலதான் வந்து உட்காரும். தொட்டி பின் அச்சுக்கு 4 அடி பின்னால, ரெண்டு அச்சுக்கும் நடுவுல 20 அடி. அதனால முன்னாடி சுமார் 165 பவுண்டு குறைஞ்சு, பின்னாடி ஆயிரமா ஏறிடுச்சு. "ஸ்டியரிங் எவ்வளவு லேசா இருக்கு பாரு"ன்னு என் வீட்டுக்காரர் ரசிச்சுக்கிட்டிருந்தார். அதுக்கு அர்த்தம் இதுதான்.

தொட்டியை ரெண்டு அச்சுக்கும் நடுவுல மாத்தினோம். 580 பவுண்டு போச்சு. மிச்சம் 20. இருபதுதானேன்னு விட மனசில்லை. அவர் ஆசையா போட்ட கிரானைட் மேடையை எடுத்துட்டு மரப்பலகை போட்டோம். ரெண்டு நாள் என்னோட பேசலை. கிரைண்டரை மட்டும் நான் விட்டுக்கொடுக்கலை, அது முன்பக்கம் பத்திரமா இருக்கு.

டயரும் அப்படித்தான். பட்டன் தேயவே இல்லை. ஆனா பக்கவாட்டுல கடைசியா நாலு இலக்கம் இருக்கும்: 3514ன்னா 2014ஆம் வருஷத்தோட 35ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஆறையும் மாத்தியாச்சு.

ஆனா தொட்டியை வெளியே எடுத்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு. பின்பக்க அவசரக் கதவை அந்தக் கட்டிலும் தொட்டியும் சேர்ந்து முழுசா அடைச்சிருந்தது. கேஸ் அடுப்பு நடுவுல, குழந்தை கடைசியில. அடுப்புப் பக்கம் தீ பிடிச்சிருந்தா அவளுக்கு வழியே கிடையாது. இத்தனை மாசம் அழகா இருக்குன்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தோம்.

கட்டிலைப் பாதியாக் குறைச்சு, கதவுக்கு வழி விட்டோம். ராத்திரி விளக்கை அணைச்சுட்டு அவளைத் திறக்கச் சொன்னேன். முதல் தடவை கைப்பிடியைத் தூக்கணுமா திருப்பணுமான்னு தெரியாம அழுதுட்டா. இப்போ இருட்டுலயே திறந்து, உட்கார்ந்து, கீழே குதிக்கிறா. கதவு திறந்தா டிரைவர் பக்கம் கத்துற அந்தப் பழைய பஸ்ஸரை நாங்க கழட்டவே இல்லை.

திங்கட்கிழமை கிளம்புறோம். அடுத்த எபிசோடை பஸ்ஸுக்குள்ள இருந்து பேசுறேன், இரைச்சலைப் பொறுத்துக்கோங்க.