வயிற்றிலே துண்டு! நீதிக்கோ 33 ஆண்டு!



1963ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். மராட்டிய மண்ணிலே, அந்நாளில் அவுரங்காபாத் என்றழைக்கப்பட்ட நகரத்தின் அரசு மருத்துவமனை. பிள்ளைப்பேற்றுக்காக வந்தாள் ஒரு தாய். பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தனர். பிறகு? காய்ச்சல்! தாங்கொணா வலி! மீண்டும் வயிற்றைத் திறந்தனர். உள்ளே இருந்தது என்ன தெரியுமா, தோழர்களே? துண்டு! குருதி துடைத்த துண்டு! துண்டை எடுத்தனர், உயிரைக் காத்திட முடியவில்லை. அத்திங்கள் முடியுமுன்னே மாண்டாள் அந்த மங்கை.

மனைவியை இழந்தவன் வழக்குமன்றம் ஏறினான். 36,000 ரூபாய் தருக என்றது கீழ்மன்றம். பம்பாய் உயர்நீதிமன்றமோ அத்தீர்ப்பைத் தள்ளிற்று. மருத்துவமனை நடத்துவது அரசின் இறைமைப் பணியாம். ஆகவே இழப்பீடு இல்லையாம்!

இறைமையாம் இறைமை! படை நடத்துவது இறைமை. பகை தடுப்பது இறைமை. பாவையின் வயிற்றிலே துண்டை வைத்துத் தைப்பதுமா இறைமை?

1996இல் உச்சநீதிமன்றம் விடை பகர்ந்தது. மருத்துவமனை நடத்துவது மக்கள் நலப்பணியே. அரசு பொறுப்பினின்று நழுவ முடியாது என்றது. துண்டு தானே நடந்து வயிற்றுக்குள் புகாது. எவர் கை மறந்தது என்று பெயர் சுட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே 36,000 ரூபாய்! அவள் மாண்ட ஆண்டிலே பிறந்தோர், தாமே பிள்ளை பெற்று வளர்க்கும் பருவத்தை எய்திவிட்டனர். நீதி வென்றது, தோழர்களே; ஆனால் நொண்டியபடி வந்து வென்றது!

இன்று வழி எளிதாகிவிட்டதே என்பீர்கள். மருத்துவமும் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995இல் உச்சநீதிமன்றம் உரைத்தது உண்மை. ஆனால் அத்தீர்ப்பிலேயே இன்னொன்றும் உண்டு. அனைவருக்கும் இலவசமாகவே மருத்துவம் தரும் இடம், அச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது! காசு கொடுத்தவனுக்கு நுகர்வோர் ஆணையம்; காசில்லாதவனுக்கு உரிமையியல் மன்றத்தின் நெடும்படிக்கட்டு! ஏழையின் உடலிலே ஏற்பட்ட காயம் மட்டும் இளப்பமா?

மருத்துவரைத் தூற்ற நான் வரவில்லை. ஒரு கட்டிலுக்கு இருவர் கிடக்கும் கூடத்திலே, உறக்கமின்றி உழைப்பவர் அவர். பிழை யாவும் அலட்சியம் ஆகாது. மிகக் கொடிய அலட்சியத்துக்கே குற்றவழக்கு என்று 2005இல் உச்சநீதிமன்றம் சொன்னது சரியே. அதனாலன்றோ கேட்கிறேன்: குற்றவாளி கிடைத்தால்தான் கஞ்சி என்று காயம்பட்டவனிடம் சொல்வது முறையா?

நியூசிலாந்து 2005 முதல், பிழை யாருடையது என்று தேடாமலே, மருத்துவத்தால் நேர்ந்த காயத்துக்கு ஈடு தருகிறது. அவ்வளவு தொலைவு போவானேன்? குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையிலே உயிர் போனால், உடல் கெட்டால், அறுவை பயனற்றுப் போனால், வழக்காடாமலே தொகை வழங்கும் திட்டம் 2005இல் இந்தியாவிலும் பிறந்தது. ஓர் அறுவைக்கு முடிந்தது, ஒவ்வோர் அறுவைக்கும் முடியாதா?

அதுவரை நமக்கும் கடமையுண்டு. சிகிச்சைக் குறிப்புகளை, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தந்தாக வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குவிதி. நுகர்வோர் ஆணையம் செல்ல இரண்டே ஆண்டு தவணை. இவற்றை அறியாமல் அழுது ஓய்ந்த குடிசைகள் எத்தனை! உங்கள் தெருவிலே அப்படி ஒருவர் இருப்பின், ஆறுதல் சொல்லித் திரும்பிவிடாதீர். உடன் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

இழப்பீடு ஈகையன்று, இரவலன்று, உரிமை! அந்தத் தாயின் குடும்பம் 33 ஆண்டு காத்திருந்தது. அடுத்த தாயின் குடும்பம் 33 நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அதற்கான சட்டம் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!