பவுன் பிறந்த கணக்கு

மகளின் திருமணத்துக்கு நகை வாங்க அட்டன் கடைவீதிக்கு வரும் தோட்டத் தொழிலாளி, "பவுன் என்ன விலை?" என்றே கேட்கிறார். கடைக்காரரும் எட்டுக் கிராமை ஒரு பவுனாகக் கணக்கிடுகிறார்.

இவ்வளவை நமக்குத் தந்தது, 1817ஆம் ஆண்டு முதல் இலண்டன் அரச நாணயசாலை அச்சிட்ட சவரன் என்னும் பொற்காசு. அதன் மதிப்பு ஒரு பவுண், எடை 7.988 கிராம், தரம் 22 காரட். முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1918இல், அந்நாணயசாலையின் பம்பாய்க் கிளை ஏறத்தாழ 13 இலட்சம் சவரன்களை அச்சிட்டது. ஆண்டெண்ணுக்கு மேலே பொறித்த ஆங்கில 'ஐ' எழுத்தே அவற்றின் அடையாளம்.

ஆயினும், அச்சான தொகை வேறு. எஞ்சிய தொகை வேறு. 1917இல் இலண்டனில் பத்து இலட்சத்துக்கு மேல் அச்சிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை உருக்கப்பட்டமையால், எழுத்துக்குறி இல்லாத அவ்வாண்டுக் காசு இன்று மிக அரிது. நாணயசாலை ஏடு பிறப்பைக் குறித்தது. தட்டாரின் உலையில் தாலியாகவும் தோடாகவும் மாறியவற்றை எவரும் எண்ணி வைக்கவில்லை.

ஆகவே, நுவரெலியாவிலோ அட்டனிலோ, பாட்டி முடிந்து வைத்த பழங்காசு உங்கள் வீட்டில் இருந்தால், அதை அடகு வைக்குமுன், உருக்கக் கொடுக்குமுன், ஆண்டையும் எழுத்தையும் பாருங்கள். பொன்னின் எடைக்கு மேலும் அது விலை பெறக்கூடும்.